விசை விளக்கியா, பட்டன் ஒத்திகையா?

> பார்வையில்லாதவங்க கேக்குற மெஷின்ல எந்த பட்டன் என்ன செய்யும்னு குரல்ல சொல்ற 'கீ டிஸ்கிரைபர்' வசதிக்கு 'விசை விளக்கி'ன்னே வச்சிடலாமே, நேரடியா இருக்கு. நம்ம கலைச்சொல் பட்டியல்ல ஏத்திடட்டுமா?

சார், கொஞ்சம் பொறுங்க. எழுத்துல பார்த்தா குறை சொல்ல முடியாத சொல்தான், ஆனா இதை யாரும் கண்ணால படிக்கப்போறதில்ல, மெஷின் பேசித்தான் கேக்கப்போறாங்க. குரலோட வேகத்தைக் கூட்டி வச்சு 'விசை விளக்கி'ன்னு ஒரு தடவ கேளுங்க, எனக்கு ளகரமும் லகரமும் ஒண்ணாத்தான் விழுது, விலக்கின்னு கேட்டா பட்டனையே புடுங்கிட்டாங்கன்னு ஆயிடும். (விளக்கின்னா பாண்டில பாதி பேருக்கு பாத்திரம்தான் ஞாபகம் வரும், அதை விடுங்க.)

அதைவிட பெரிய குறை ஒண்ணு இருக்கு. விக்டர் ரீடர் ஸ்ட்ரீம்ங்கிற புக் வாசிக்கிற மெஷின்ல 0 பட்டனை அழுத்திப் புடிச்சா இந்த வசதி வரும், கம்ப்யூட்டர் திரையைப் படிச்சுச் சொல்ற என்விடிஏலயும் ஜாஸ்லயும் இன்செர்ட் கீயோட 1. அதுக்கப்புறம் எந்த பட்டனை அமுக்கினாலும் அது தன் பேரை, வேலையை மட்டும் சொல்லும், அந்த வேலையை செய்யாது. செய்யாதுங்கிறதுதான் இதுல முக்கியம், 'விளக்கி'ல அது எங்க இருக்கு?

நான் முத்தியால்பேட்டைல சொல்லிக்குடுக்குற பெரியவர் ஒருத்தர் ரோடியர் மில்லுல இருந்தவரு, சுகர்ல பார்வை போனப்புறம்தான் இந்த மெஷினைத் தொடுறாரு. 2ம் 8ம் அமுக்கி அத்தியாயமா பக்கமான்னு தேர்ந்தெடுக்கணும், 4ம் 6ம் வச்சு முன்ன பின்ன போகணும், 5 அமுக்கினா எங்க இருக்கோம்னு சொல்லும், இதெல்லாம் சீக்கிரமே புடிச்சிட்டாரு. 3 பக்கம் மட்டும் விரலே போகாது, அது புக்கை அழிக்கிற பட்டன்னு யாரோ சொல்லி வச்சிட்டாங்க. உறுதியான்னு கேட்டுட்டுதான் அழிக்கும்னு எத்தன தடவ சொன்னாலும் நம்பல. "இப்ப ஒத்திகைதான் அய்யா, எதை வேணா அமுக்குங்க"ன்னு வாய்ல வந்ததை சொன்னேன், அப்புறம்தான் 3ஐ தொட்டாரு. அதனால என் ஓட்டு 'பட்டன் ஒத்திகை'க்கு.

> ஒத்திகைன்னா மேடை ஏறுறதுக்கு முன்னாடி முழுசா ஆடிப் பாக்குறது அக்கா. இங்க பட்டன் ஆடவே இல்லையே, பேரை மட்டும்தான சொல்லுது? அதோட கலைச்சொல்லுல போய் 'பட்டன்'னு வச்சா கடலூர்ல எங்க தமிழ் வாத்தியார் வீட்டுக்கே வந்துடுவாரு.

தம்பி, ஒத்திகை பாக்குறது மெஷின் இல்லப்பா, நம்ம விரல். எது எங்க இருக்குன்னு தடவித் தடவி, 5 மேல இருக்குற மேட்டைப் புடிச்சு மத்ததை கண்டுபுடிக்கிற வேலை அது, நிஜமா நடக்குறதுக்கு முன்னாடி நடத்திப் பாக்குறதுதான. 'பட்டன்' விஷயத்துல விட்டுக்குடுக்குறேன், அகராதில 'விசை ஒத்திகை'ன்னு இருக்கட்டும், மெஷின் பேசும்போது வெறும் 'ஒத்திகை' போதும், ரெண்டு சொல்லு எதுக்கு?

ஆனா 'ஒத்திகை நிலை'ன்னு மட்டும் வேண்டாம்னு இப்பவே சொல்லிடுறேன். டெய்சி புக்குல (பார்வையில்லாதவங்களுக்கான டிஜிட்டல் புக்) தலைப்பு ஆறு மட்டம் வரைக்கும் போகும், நாம ஏற்கனவே அதை 'நிலை 1', 'நிலை 2'ன்னு மொழிபெயர்த்து வச்சிருக்கோம். மோடுக்கும் லெவலுக்கும் ஒரே சொல்லைப் போட்டா, கேக்குறவங்க புக்குக்குள்ள இருக்காங்களா மெஷினோட செட்டிங்ல இருக்காங்களான்னே தெரியாது.

இன்னொண்ணு, அறிவிப்பு வாக்கியம். பழகினவங்க யாரும் முழுசா கேக்க மாட்டாங்க, முதல் சொல் வந்ததும் அடுத்த பட்டனை அமுக்கிடுவாங்க, பேச்சு அங்கயே நின்னுடும். 'ஒத்திகை தொடங்கியது', 'ஒத்திகை முடிந்தது'ன்னு வச்சா ரெண்டுலயும் முதல்ல காதுல விழுறது ஒரே சொல்தான், ஒத்திகைல இருக்கோமா வெளிய வந்துட்டோமான்னு தெரியாம 3ஐ அமுக்கினா என்ன ஆகும்? அதனால 'தொடக்கம், ஒத்திகை', 'முடிந்தது, ஒத்திகை'ன்னு திருப்பிப் போடலாம், இலக்கணம் கொஞ்சம் நொண்டினாலும் பரவால்ல. தம்பி, உங்க வாத்தியார்கிட்ட கேட்டு சொல்லுங்க, அவர் இதைவிட நல்லா ஒண்ணு குடுத்தா அதையே ஏத்திடலாம்.