வார்ப்பு மணல் கலக்கும் மல்லர் செய்யப் பழைய இரும்பு: சென்னையில் எங்கே தேடலாம்?

வில்லிவாக்கம் வார்ப்பு ஆர்வலர் கேட்டது:

வீட்டுக் கொட்டகையில் அலுமினியத்தை உருக்கிச் சிறு புல்லிகளும் கைப்பிடிகளும் வார்த்து வருகிறேன். சிலிக்கா மணல், பென்டோனைட் களிமண், தண்ணீர் மூன்றையும் மண்வெட்டியால் புரட்டிக் காலால் மிதித்துக் கலப்பதால், களிமண் ஓரிடத்தில் கட்டியாகவும் வேறிடத்தில் அறவே இல்லாமலும் போகிறது. அச்சுப்பெட்டியைத் தூக்கும்போதே மூலைகளில் மணல் உதிர்ந்துவிடுகிறது. ஒரு தடவைக்கு இருபத்தைந்து கிலோ கலக்கக்கூடிய சிறு மல்லர் (கனமான உருளைகளால் மணலை அழுத்தித் தேய்த்துக் கலக்கும் இயந்திரம்) ஒன்றை நானே செய்ய விரும்புகிறேன். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று கைவசம் இருக்கிறது. உருளைகள், தண்டு, வேகத்தைக் குறைக்கும் அமைப்பு ஆகியவற்றுக்கான பழைய இரும்பை எங்கே தேடலாம்? மாதவரத்தில் பழைய கான்கிரீட் மிக்சர் ஒன்றும் விலைக்கு வருகிறது, அதுவே போதுமா?

அம்பத்தூர் கடைசல் பட்டறை:

கான்கிரீட் மிக்சர் வேண்டாம். அது மணலை உருட்டிவிடுமே தவிர அழுத்தித் தேய்க்காது. ஈரக் களிமண் ஒவ்வொரு மணல் துகளின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்தால்தான் அச்சு நிற்கும். அந்தப் பூச்சை உண்டாக்குவது உருளையின் எடையும் தேய்ப்பும்தான்.

தேடலைக் கியர்பாக்ஸிலிருந்து தொடங்குங்கள். தொட்டியையும் உருளையையும் எந்தக் காயலான் கடையிலும் தேற்றிவிடலாம். நிமிடத்துக்கு முப்பது, நாற்பது சுற்றுக்கு வேகத்தைக் குறைத்துத் தருகிற நல்ல வார்ம் கியர்பாக்ஸ் (திருகுத் தண்டு ஒன்று வெண்கலப் பல்சக்கரத்தைச் சுழற்றும் பெட்டி) கிடைப்பதுதான் அரிது. அது கிடைத்தபின் அதன் உயரத்துக்கும் தண்டின் அளவுக்கும் ஏற்ப மற்ற எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளலாம். 1440 சுற்று மோட்டாருடன் 40க்கு 1 விகிதமுள்ள பெட்டியை நேராக இணைத்தால் 36 சுற்று வரும். இந்த அளவுத் தொட்டிக்கு அது பொருத்தமான வேகம்.

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள பழைய இரும்புக் கடைகளில், கழித்துக்கட்டிய கன்வேயர்களிலிருந்து வந்த பெட்டிகள் கிடக்கும். பெயர்த்தகடு பெரும்பாலும் இருக்காது. வெளிவரும் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அது ஒரு முழுச் சுற்று வருவதற்குள் உள்ளே செல்லும் தண்டைக் கையால் எத்தனை தடவை திருப்ப வேண்டியிருக்கிறது என்று எண்ணினால் விகிதம் தெரிந்துவிடும். பிறகு எண்ணெய் அடைப்பானைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். எண்ணெயில் மஞ்சள் நிறத் துகள் மின்னினால் வெண்கலச் சக்கரத்தின் பல் தேய்ந்திருக்கிறது என்று பொருள், எடை விலைக்குக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள். கிடைநிலைத் தண்டுப் பெட்டியைச் செங்குத்தாகத் திருப்பி மாட்டுவதானால், காற்றுத்துளை அடைப்பானை மேற்பக்கத்துக்கு மாற்றி எண்ணெய் அளவையும் சரிசெய்ய வேண்டும்.

பெரம்பூர் வாசகர்:

ஓட்டல்களில் கழித்துப்போட்ட பெரிய கிரைண்டரை அப்படியே பயன்படுத்தலாமே? மோட்டார், வேகக்குறைப்பு, தொட்டி, கல் எல்லாம் ஒன்றாகவே கிடைத்துவிடும்.

அம்பத்தூர் கடைசல் பட்டறை:

அதன் மோட்டாரும் சட்டமும் பயன்படும். கல்லை மட்டும் பயன்படுத்தாதீர்கள் ஐயா. கிரைண்டரில் கல்லோடு கல் உரசித்தான் மாவு அரைபடுகிறது. மல்லரில் அது நடக்கக் கூடாது. துகள் நொறுங்கித் தூளானால் வார்ப்பின்போது வாயு வெளியேற வழியில்லாமல் உலோகத்தில் துளை விழும். ஆகவே உருளை தொட்டியின் அடித்தகட்டைத் தொடாமல் ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். மணல் குவிந்த இடத்தில் ஏறி இறங்கும்படி அதை ஊசலாடும் கையில் மாட்ட வேண்டும், கீழே இறங்காமல் தடுக்க ஒரு போல்ட்டும் வேண்டும். உருளைக்குப் பின்னால் மணலைப் புரட்டி மீண்டும் அதன் பாதைக்குத் தள்ளும் கலப்பைத் தகடுகள் இல்லாவிட்டால், உருளை ஒரே தடத்தில் வீணாக ஓடிக்கொண்டிருக்கும்.

புதுப்பேட்டைப் பக்கத்து மெக்கானிக்:

உருளைக்குப் புதுப்பேட்டையில் பழைய பிரேக் டிரம்களைப் பாருங்கள். அவை வார்ப்பிரும்பு என்பதால் வெல்டிங் சரியாகப் பிடிக்காது. ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் போட்டுத் தகட்டோடு இணைத்து, உள்ளே கான்கிரீட் நிரப்பினால் தேவையான எடை வந்துவிடும்.

கியர்பாக்ஸ் அமையாவிட்டால் பழைய காரின் பின் அச்சும் (ரியர் ஆக்ஸில்) உதவும். அதை நிமிர்த்தி வைத்து ஒரு பக்க அச்சை மேலே கொண்டுவரலாம். ஆனால் மறுபக்கத்தைப் பூட்டிவிடாதீர்கள். பூட்டினால் மேல் அச்சின் வேகம் இரட்டிப்பாகும். உள்ளே உள்ள சிறு பல்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டிங் செய்து இறுக்கினால்தான் முழுக் குறைப்பும் கிடைக்கும். அந்த அச்சின் குறைப்பு விகிதம் 4க்கு 1 என்று கொண்டால், 1440 சுற்று மோட்டாருக்கும் அதற்கும் இடையே 3 அங்குலப் புல்லியிலிருந்து 12 அங்குலப் புல்லிக்கு ஒரு பெல்ட்டும், 4 அங்குலப் புல்லியிலிருந்து 12 அங்குலப் புல்லிக்கு இன்னொரு பெல்ட்டும் வேண்டும். அப்போது 30 சுற்று வரும். இடத்தை அடைக்கும் ஏற்பாடுதான், ஆனால் உறுதியானது.

வில்லிவாக்கம் வார்ப்பு ஆர்வலர்:

அனைவருக்கும் மிக்க நன்றி. முதலில் கியர்பாக்ஸைத் தேடுகிறேன். தண்டு தொட்டியின் அடிவழியாக மேலே வரும் இடத்தில் மணல் பேரிங்குக்குள் இறங்காதா? பீப்பாயின் அடித்தகடு தாங்குமா?

அம்பத்தூர் கடைசல் பட்டறை:

தாங்காது. அது ஒன்றேகால் மில்லி அளவுள்ள மெல்லிய தகடு. 6 மில்லி பிளேட்டை வட்டமாக வெட்டி அடியில் பற்றவையுங்கள். கேஸ் கட்டிங் பட்டறைகளில் மிஞ்சிய துண்டாகவே அது எடைக்குக் கிடைக்கும். தொட்டியின் நடுவில், மணல் மட்டத்துக்கு மேல் உயரும்படி ஒரு குழாயைத் துளையைச் சுற்றிப் பற்றவைத்து, தண்டை அதனுள் கொண்டுவந்து, மேலே தொப்பி போன்ற மூடியைத் தண்டோடு பொருத்திவிட்டால் மணல் பேரிங்கை அணுகாது.

பீப்பாயில் முன்பு தின்னரோ எண்ணெயோ இருந்திருந்தால் கட்டிங் டார்ச்சை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். நன்றாகக் கழுவி, வெட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, உளியால் வெட்டுவதே நல்லது. மணல் நிறைந்த தொட்டியோடு மோட்டார் கிளம்ப வேண்டும் என்பதால், 1 குதிரைத்திறன் கொண்ட, கெப்பாசிட்டர் ஸ்டார்ட் வகைச் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரையே வாங்குங்கள். தொட்டிக்குமேல் கம்பி வலை மூடி கட்டாயம் வேண்டும். மணலின் பதம் பார்க்க ஓடும் உருளைக்கு அருகே கை நீளும் ஆபத்து உண்டு. உலர்ந்த மணலைக் கொட்டும்போது முகக்கவசம் அணியுங்கள், சிலிக்கா தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்.