எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதிலிருந்து விறகடுப்புப் புகை வீட்டுக்குள் திரும்புகிறது, என்ன செய்வது?

குழித்துறைக்காரி:
எங்கள் வீடு குழித்துறையில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குப் போகும் கல், எம்சாண்ட் லாரிகள் ராப்பகல் பாராமல் ஓடுகின்றன. தூசி தாங்காமல் போன மாசம் எல்லா ஜன்னலையும் இறுக்கமான கண்ணாடியாக மாற்றினோம். கேஸ் அடுப்பு இருக்கும் அடுக்களையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் வைத்தோம்.

அதற்குப் பிறகுதான் தொல்லை. பின்பக்கச் சாய்ப்பில் விறகடுப்பு இருக்கிறது. சம்பா அரிசி, மரச்சீனி, குளிக்க வெந்நீர் எல்லாம் அம்மாவுக்கு அதில்தான் ஆக வேண்டும். பத்து வருஷமாகப் புகைக்கூண்டு வழியே ஒழுங்காகப் போன புகை இப்போது அடுப்பு வாயிலேயே வெளியே வந்து ஹால் வரை நிற்கிறது. அம்மாவுக்குக் காலையில் தலைவலி வேறு. கொத்தனார் கூண்டு அடைத்திருக்கும், உடைக்க வேண்டும் என்கிறார். உடைக்காமல் வழி உண்டா? ஏர் பியூரிஃபையர் வாங்கினால் சரியாகுமா?

தக்கலை அண்ணாச்சி:
விறகு ஈரமாக இருக்கும். ஆடி மழையில் சிரட்டையும் கொதும்பும் நனைந்தால் எந்த அடுப்பும் புகையத்தான் செய்யும்.

குழித்துறைக்காரி:
இல்லை அண்ணாச்சி, அடுப்புக்கு மேலே பரணில்தான் விறகு கிடக்கிறது. ஒடித்தால் சடக்கென்று ஒடிகிறது.

ரப்பர்_பால்:
அக்கா, உடைக்க வேண்டாம். எங்கள் ரப்பர் ஷீட் புகைப்புரையில் இதே பாடு பட்டிருக்கிறோம். கீழே காற்று நுழையும் ஓட்டை அடைந்துவிட்டால் மேலே எவ்வளவு பெரிய வழி இருந்தாலும் புகை ஏறாது, அடுப்பு வாய்க்கே வரும்.

ஃபேன் உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவுக்கு எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். முன்பு ஜன்னல் இடுக்கு வழியாக வந்தது, அதை நீங்கள் இறுக்கி அடைத்துவிட்டீர்கள். மிச்சம் இருக்கும் வழி புகைக்கூண்டு ஒன்றுதான். சூடான புகை மேலே ஏறும் விசை ரொம்பக் கொஞ்சம், ஃபேனோடு மல்லுக்கட்ட அதால் ஆகாது.

அடுப்பு மூட்டாமல் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடியுங்கள். ஜன்னலை மூடி ஃபேனைப் போடுங்கள். புகை ஹால் பக்கம் சாய்ந்தால் ஃபேன்தான் காரணம். அப்புறம் ஃபேனை நிறுத்திப் பின்கதவைத் திறந்து பாருங்கள்.

தலைவலியைச் சும்மா விடாதீர்கள். கனலில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. பியூரிஃபையரின் ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், இந்த வாயுவைப் பிடிக்காது. தலை கனத்தால் அம்மா உடனே வெளியே வந்துவிடட்டும். வெளியே வந்தும் தீரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

குழித்துறைக்காரி:
பார்த்தேன். ஊதுபத்திப் புகை கயிறு கட்டி இழுத்தது போல அடுக்களைப் பக்கம் ஓடியது! ஃபேனை நிறுத்திக் கதவைத் திறந்ததும் நேராகக் கூண்டுக்குள் போய்விட்டது. ஆனால் மீன் பொரிக்கும்போது ஃபேன் வேண்டுமே?

கொத்து_வேலை:
ஃபேன் இருக்கட்டும், காற்றுக்கு ஒரு வழி விடுங்கள். ரோட்டுப் பக்கம் வேண்டாம். சாய்ப்பின் பின்சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் 6 அங்குல ஓட்டை போட்டு வலை அடித்தால் போதும். சாய்ப்புக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருக்கும் கதவை அடுப்பு எரியும் நேரம் மூடி வையுங்கள்.

கூண்டின் உயரத்தையும் ஒருமுறை பாருங்கள். கூரையைத் தாண்டி 3 அடியாவது வேண்டும், 10 அடிக்குள் பக்கத்துக் கட்டடம் இருந்தால் அதைவிட 2 அடி கூடுதலாக வேண்டும். உயர்த்துவதாக இருந்தால் பிவிசி குழாய் மட்டும் வைக்காதீர்கள். உருகும், வரும் புகையும் நஞ்சு. கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கிரைண்டரால் அறுக்க விடாதீர்கள், அந்தத் தூசிக்கு லாரித் தூசியே மேல்.

தோவாளைப்_பூ:
ஒரு விஷயம் விட்டுப்போனது. கண்ணாடியை இறுக்கி மூடிக்கொண்டு ராத்திரி கொசுவர்த்திச் சுருள் வைக்கிறீர்களா? ஒரு சுருள் எரிந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. கொசுவலை கட்டுங்கள். தூசிக்கு, விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் கீழே கிடப்பது மேலே எழும்பும், அவ்வளவுதான்.

குழித்துறைக்காரி:
சுருள் தினமும் வைத்தோம், நிறுத்தியாயிற்று. சனிக்கிழமை ஓட்டை போட்டோம், நாலு நாள் சாய்ப்பில் கண் எரியவே இல்லை, அம்மாவுக்குத் தலைவலியும் இல்லை. இன்று காலை மறுபடி ஒரே புகை. பதறிப்போய்ப் பார்த்தால் ஓட்டையில் பழைய லுங்கித் துணி. வலை வாங்கி வர நான் சுணங்கிவிட்டேன், பல்லி வருகிறது என்று அம்மா சொருகி வைத்திருக்கிறார். சாயங்காலம் வலை அடித்தாயிற்று.