மென்கன் யாரைப் பார்த்துச் சிரித்தார்?

வம்பளப்பான்: அமெரிக்கரின் மூடத்தனத்தை எச். எல். மென்கன் (1880–1956) அளவுக்கு உரித்துக் காட்டிய பத்திரிகையாளர் கிடையாது என்பது என் கட்சி. குளியல் தொட்டிக் கதை ஒன்றே போதும். 1842இல் சின்சினாட்டியில் முதல் தொட்டி வந்தது, டாக்டர்கள் எதிர்த்தார்கள், அதிபர் ஃபில்மோர் வெள்ளை மாளிகையில் ஒன்றை வைத்த பிறகே ஊர் ஏற்றுக்கொண்டது என்று 1917 டிசம்பரில் எழுதினார். அத்தனையும் புளுகு. மற்றவர்கள் அதை வரலாறாகவே எடுத்தாண்டார்கள். 1926இல் அவரே உண்மையைப் போட்டு உடைத்தார். அப்போதும் கதை சாகவில்லை!

செம்மண்: பத்திரிகையில் பொய்யை எழுதிவிட்டு, நம்பியவனை முட்டாள் என்பது நல்ல நியாயம். வாசகன் காசு கொடுத்துத்தானே வாங்கினான்?

வம்பளப்பான்: சரிபார்க்காமல் எடுத்தெழுதிய பத்திரிகைக்காரர்களுக்கு அது சவுக்கடி இல்லையா? 1925இல் டென்னசி மாநிலம் டேட்டனில், மாநிலச் சட்டம் தடை செய்திருந்த பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியரைக் கூண்டில் ஏற்றினார்களே, அதையும் வாசகன் காசு கொடுத்துப் படித்தான். மென்கன் அங்கிருந்து எழுதாவிட்டால் அந்தக் கூத்து உலகுக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

செம்மண்: கூத்து என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதை ஏற்பாடு செய்தது யார்? அந்தச் சட்டத்தைச் சோதிக்க ஓர் ஆசிரியர் முன்வந்தால் வழக்குச் செலவை ஏற்பதாக அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ACLU) அறிவித்திருந்தது. ஊருக்குப் பெயரும் வியாபாரமும் வரட்டும் என்று டேட்டன் பிரமுகர்கள் ஒரு மருந்துக் கடையில் கூடிப் பேசி ஸ்கோப்ஸைச் சம்மதிக்க வைத்தார்கள். இவர்களா விவரம் கெட்ட பட்டிக்காட்டான்கள்? ஊர் எழிலாக இருக்கிறது என்று முதலில் எழுதிய மென்கனே பிறகு அந்த மக்களைக் குரங்கோடு சேர்த்தார். இன்னொன்று: அரசுத் தரப்பில் வாதாடிய அரசியல்வாதி பிரையனே சாட்சிக் கூண்டில் ஏற, ஸ்கோப்ஸின் வக்கீல் டாரோ அவரைக் குறுக்கு விசாரணை செய்த அந்தப் பெரிய நாளில் மென்கன் ஊரிலேயே இல்லை. முன்பே கிளம்பிவிட்டார்.

வடக்குவாசல்: பிரையனையும் கொஞ்சம் பாருங்கள். மூன்று முறை அதிபர் வேட்பாளர். பெண்களின் வாக்குரிமைக்கும் வருமான வரிக்கும் குரல் கொடுத்தவர். போரை நோக்கிய போக்கு பிடிக்காமல் 1915இல் வெளியுறவு அமைச்சர் பதவியை உதறினார். ஸ்கோப்ஸ் வழக்கில் பேசப்பட்ட பாடநூலில், 'தாழ்ந்த' குடும்பங்கள் இனம் பெருக்காமல் தடுக்க வேண்டும் என்ற கருத்தும் இருந்தது. அறிவியல் பக்கம் எல்லாமே வெள்ளையாக இல்லை. தீர்ப்பு வந்து ஐந்தாம் நாள் பிரையன் இறந்தார். மென்கன் எழுதிய இரங்கல் குறிப்பு பிணத்தின் மேல் விழுந்த அடி. அதை ரசித்துப் படித்தேன், ஆனால் ரசித்ததில் பெருமை இல்லை.

வம்பளப்பான்: பிரையன் நல்லவராகவே இருக்கட்டும். வகுப்பில் எதைச் சொல்லலாம் என்று சட்டசபை கட்டளையிட்டது சரியா? அந்தச் சட்டம் 1967 வரை நீடித்தது ஐயா!

செம்மண்: சட்டம் தவறுதான். அதற்காக ஏழை விவசாயியின் பைபிள் நம்பிக்கையை எள்ளி நகையாட வேண்டுமா? 1989இல் வெளியான அவருடைய நாட்குறிப்பைப் புரட்டுங்கள். யூதர்களையும் கறுப்பர்களையும் பற்றிய இழிசொற்கள் கிடக்கின்றன.

வம்பளப்பான்: கிடக்கின்றன, மறைக்கவில்லை. அதே ஆள்தான் தன் 'அமெரிக்கன் மெர்குரி' இதழில் கறுப்பின எழுத்தாளர்களுக்கு இடம் கொடுத்தார். 1948 நவம்பரில் வந்த கடைசிப் பத்தியில், பால்டிமோர் பூங்காவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து டென்னிஸ் ஆடக்கூடாது என்ற விதியைக் கிழித்தார். அந்த மாதமே பக்கவாதம் வந்து எழுத்து நின்றது. நாட்குறிப்பை எடைபோடும்போது இந்தப் பத்தியையும் தட்டில் வையுங்கள்.

செம்மண்: வைக்கிறேன். டேட்டன் விவசாயியையும் அதே தட்டில் வைப்பேன்.