புதுப்பிப்பு: புது ஸ்பீக்கரைச் சோதிக்க எந்த இசை?

புதிய ஸ்பீக்கர் ஜோடியை எந்த இசையைப் போட்டுச் சோதிப்பது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் என்றீர்கள் பலரும். போட்டேன். இடந்தலையின் (இடக்கைப் பக்கத்தின்) கும்காரம், அதாவது அந்தத் தாழ்ந்த 'கும்' ஒலி, சேறாகக் குழைந்தது. திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவன், கடைசியாக மூலையிலிருந்து பெட்டிகளை இரண்டடி முன்னால் இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது! சுவர் மூலையில் தாழ்ந்த ஒலி ஊதிப் பெருகும் என்பதை மறந்திருந்தேன்.

ஆனால் என் உரைகல் வேறு: தக்கலை அத்தான் வைத்திருக்கும் வில்லுப்பாட்டுப் பதிவு. வில்லின் நாணை அடிக்கும் வீசுகோல் பட்டதும் சிலிர்க்கும் மணிகள், குடத்தின் வாயில் விழும் அடி, இரண்டுக்கும் நடுவே புலவரின், அதாவது தலைமைப் பாடகரின், குரல். மேல் ஒலி, கீழ் ஒலி, குரல் மூன்றும் அதிலேயே வந்துவிடுகின்றன. கோயில் கொடைத் திருவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து வளர்ந்த காது இது. மணி தகரமாக ஒலித்தால் உடனே தெரியும். நேரில் கேட்டிராத கருவியை வைத்து எதைச் சோதிப்பது?

மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பார்கள். ஐம்பதைத் தாண்டிய எனக்கு மேல்முனை எப்போதோ போய்விட்டது, ஆகவே மணிகளுக்கு மட்டும் மகளைக் கூப்பிட்டேன். "பழைய பெட்டியில் இது கேட்கவே இல்லையே, அப்பா" என்றாள்.

பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.