பீல், யோர்க் ரீஜனல் பொலிஸ்: யாருக்குக் கீழே, எத்தனை பேர்?

மார்க்கம்வாசி:
வணக்கம் உறவுகளே. ரொறன்ரோவுக்கு நகரப் பொலிஸ் இருக்கு. மார்க்கத்துக்கு யோர்க், பிராம்டனுக்கு பீல் எண்டு ரீஜன் (பல நகரங்கள் சேர்ந்த பிராந்தியம்) பெயரில்தான் இருக்கு. மேயர் சொன்னால் இவை கேட்பினமோ? பொலிசுக்கெண்டு சொத்துவரி கூடுது, ஆனால் ரோந்துக் காரைக் காணேல்லை எண்டு சனம் சொல்லுது. ஆள் கணக்கை எப்பிடிப் பார்க்கினம்?

சட்டவாசகன்:
மேயர் உத்தரவிட முடியாது. 1970களின் தொடக்கத்தில் ஒன்ராறியோ அரசு அயல் நகரங்களை ரீஜன்களாகச் சேர்த்தபோது அவற்றின் சிறு பொலிஸ் படைகளும் ஒன்றாகின. யோர்க் 1971, பீல் 1974. யோர்க் 9 நகராட்சிகளையும் பார்க்கிறது. பீல் பொலிசின் எல்லை மிசிசாகாவும் பிராம்டனும் மட்டும். கலிடனை மாகாணப் பொலிசான ஓபிபி பார்க்கிறது. 401, 410 போன்ற நெடுஞ்சாலைகளும் ஓபிபியிடம்தான். 410இல் விபத்தென்றால் அறிக்கைக்கு பீல் நிலையத்துக்கு அலையாதீர்கள்.

பொலிஸ் தலைவரான சீஃபை நியமிப்பது பொலிஸ் சேவை வாரியம். அதில் கவுன்சில் உறுப்பினர்கள், கவுன்சில் நியமிக்கும் பொதுமகன் ஒருவர், மாகாண அரசு நியமிப்பவர்கள் இருப்பார்கள். வாரியம் கொள்கையையும் முன்னுரிமைகளையும் வகுக்கலாம். "இந்த வழக்கை இப்படி விசாரி" என்று சொல்ல அதற்கும் உரிமை இல்லை. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள ஒன்ராறியோ பொலிஸ் சட்டத்திலும் இந்தக் கோடு அப்படியே இருக்கிறது. பணம் ரீஜன் கவுன்சிலிடமிருந்து வருகிறது, ஆனால் மொத்தத் தொகையைத்தான் அது தீர்மானிக்கலாம். இந்தப் பிரிவை வெட்டு, அந்தக் காரை வாங்காதே என்று ஒவ்வொரு செலவிலும் தனித்தனியாகக் கைவைக்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
ஆள் கணக்குத்தான் பலருக்கும் பிடிபடாத இடம். ஒரு ரோந்துக் காரில் ஒரே ஒரு இருக்கையை ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் நிரப்ப 8,760 மணி நேரம் வேண்டும். வாரம் 40 மணி நேரம் என்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,080. விடுமுறை, சுகவீனம், பயிற்சி, நீதிமன்றச் சாட்சியம் என்று 400 மணி நேரம் கழிந்தால் மிஞ்சுவது 1,680. ஆக அந்த ஒரு இருக்கைக்கே 5 பேருக்கு மேல் தேவை. இருவர் போகும் கார் என்றால் 10ஐத் தாண்டும். 100 பேரைப் புதிதாக எடுத்தோம் என்று அறிவித்தால், எல்லாரையும் ரோந்துக்கே விட்டாலும் எந்த நேரத்திலும் தெருவில் கூடுவது 20 பேருக்கும் குறைவுதான்.

அதற்குள்ளும் ஓட்டை உண்டு. மகப்பேற்று விடுப்பில் இருப்பவரும் காயப்பட்டு வீட்டில் இருப்பவரும் பதிவேட்டில் உத்தியோகத்தர்தான், காரில் இல்லை. புதிய ஆளோ, அய்ல்மரிலுள்ள ஒன்ராறியோ பொலிஸ் கல்லூரியில் சுமார் 3 மாதம், பிறகு சொந்தச் சேவையில் பயிற்சி, பிறகு மூத்தவரோடு பல மாதம் என்று முடித்த பிறகே தனியாகக் கார் எடுப்பார். இன்று ஒதுக்கிய பணம் தெருவுக்கு வர ஒரு வருசம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செலவில் பெரும்பங்கு சம்பளம். பொலிசார் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பேச்சு முறிந்தால் நடுவர் தீர்ப்புத்தான். அதில் முடிவாகும் சம்பளத்தைக் கவுன்சில் விரும்பினாலும் குறைக்க இயலாது. அதனால்தான் 911 அழைப்பை எடுப்பது, பதிவேடு போன்றவற்றுக்குச் சிவில் ஊழியர்களையும், நீதிமன்றப் பாதுகாப்புக்குச் சிறப்புக் கான்ஸ்டபிள்களையும் (குறித்த வேலைக்கு மட்டும் பொலிஸ் அதிகாரம் பெற்றவர்கள்) வைக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு. துப்பாக்கி கட்டிய ஆளைக் கதிரையில் இருத்துவது வீண்.

மார்க்கம்வாசி:
நன்றி அண்ணை. அப்ப ஆள் போதுமோ எண்டு யாரிட்டைக் கேட்கிறது?

சட்டவாசகன்:
வாரியத்திடம். அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. முன்கூட்டி எழுத்தில் கேட்டால் பேசவும் நேரம் தருவார்கள். பட்ஜெட் கவுன்சிலுக்குப் போக முன்பே போங்கள். கேட்கும்போது "எத்தனை பேர் இருக்கினம்" என்று கேட்காமல் "எத்தனை பேர் இப்போது பணிக்கு அனுப்பக்கூடிய நிலையில் இருக்கினம்" என்று கேளுங்கள்.