ஜிபிஎஸ் அறுநூறு மீட்டர் தள்ளிக் காட்டுகிறது, அமெரிக்காக்காரன் வேலையா?

முட்டத்து வள்ளம்:
அண்ணன்மாரே, ஒரு உதவி. போன மாதம் வள்ளத்துக்குப் புது ஜிபிஎஸ் வாங்கி, மாமா நோட்டில் எழுதி வைத்திருந்த பார்களின் (கடலடிப் பாறைகள்) புள்ளிகளை ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஏற்றினேன். முட்டத்துக்குத் தெற்கே கலவா மீன் நிற்கிற ஒரு பார். மெஷின் சொன்ன இடத்துக்குப் போனால், ஆழம் காட்டுகிற எக்கோவில் அடி சமமாக, வெறும் சேறு. மூன்று தரம் போயும் அதே கதைதான். கடைசியில் வடகிழக்கே அறுநூறு எழுநூறு மீட்டர் தேடிப் போன பிறகுதான் பார் தட்டுப்பட்டது. மண்ணெண்ணெய் தீர்ந்ததுதான் மிச்சம். கடையில் கேட்டால், சாட்டிலைட் அமெரிக்கப் பட்டாளத்துடையது, சண்டை நேரத்தில் தள்ளித்தான் காட்டும் என்கிறார்கள். நிஜமா? ரஷ்யாக்காரனுடையதை மட்டும் வைத்து ஓட்டலாமா?

குளச்சல் பழைய மாலுமி:
பட்டாளத்துடையது என்பது சரி, மீதி பழைய கதை. வேண்டுமென்றே பிழை கலந்து பொதுஜனத்துக்கு விடுகிற ஏற்பாடு ஒன்று முன்பு இருந்தது. 2000 மே மாதம் கிளிண்டன் அதை நிறுத்தச் சொன்னார். 2007இல், இனி வாங்கும் சாட்டிலைட்டுகளில் அந்த வசதியே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அது இருந்த காலத்தில் நான் கப்பலில் இருந்தேன். துறைமுகத்தில் கட்டிப் போட்ட கப்பலே நூறு மீட்டருக்குள் அலைகிற மாதிரி காட்டும். உனக்கு மூன்று தரமும் ஒரே திசையில், ஒரே அளவு தள்ளுகிறது. பிழை கலந்தால் இப்படி ஒழுங்காக இருக்காது. ரஷ்யாக்காரனுடையதும் பட்டாளத்துச் சொத்துதான், சீனாக்காரனுடையதும் அப்படியே. ஐரோப்பாக்காரனுடைய கலிலியோ மட்டும் சிவிலியன் கையில் இருக்கிறது. மெஷினில் எத்தனை வருமோ அத்தனையும் போட்டு வை, ஒன்றை மட்டும் நம்பாதே. அது இருக்கட்டும், ஹார்பரில் கட்டியிருக்கும்போது எங்கே காட்டுகிறது?

வளைகுடா டக்:
கடைக்காரர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் உண்டு அண்ணே. 2025 ஜூனில் ஈரான் சண்டையின்போது நங்கூரம் போட்டுக் கிடந்த எங்கள் டக்கை (இழுவைக் கப்பல்) ஜிபிஎஸ் மேப்பில் தரைமேல் ஏற்றி வைத்திருந்தது, நங்கூரம் தூக்கின பிறகு ராத்திரி முழுக்க ரேடாரைப் பார்த்துத்தான் ஓட்டினோம். ஆனால் அது சாட்டிலைட்காரன் செய்வதில்லை. இருபதாயிரம் கிலோமீட்டர் மேலிருந்து வருகிற சிக்னல் கீழே சேரும்போது ரொம்ப நோஞ்சான், பக்கத்தில் ஒருவன் சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்தாலே அமுங்கிவிடும். அப்படி நடந்தால் கிலோமீட்டர் கணக்கில் பாயும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது. முட்டத்தில் யார் வந்து உன் கலவாவுக்காக ஜாம் செய்யப் போகிறான்?

முட்டத்து வள்ளம்:
ஹார்பரில் கட்டின இடத்திலேயே காட்டுகிறது. இன்னொரு விஷயம், மாமா எழுதின வேறொரு பார் கிட்டத்தட்ட அதே இடத்தில் கிடைத்தது. கிடைக்காதது 8 02 30, 77 16 45. கிடைத்தது 8 05 00, 77 14 05.

குளச்சல் பழைய மாலுமி:
கிடைத்ததன் கடைசி எண்களைப் பார், 00, 05. அங்கேதான் விஷயம். நோட்டில் எங்காவது கடைசி எண் 60க்கு மேல் வருகிறதா?

முட்டத்து வள்ளம்:
நாலு பக்கம் புரட்டினேன். ஒன்றுகூட இல்லை. 59தான் பெரிசு.

குளச்சல் பழைய மாலுமி:
விநாடிதான் 59ஐத் தாண்டாது. அப்போது மாமா எழுதினது டிகிரி, நிமிடம், விநாடி. உன் மெஷின் விநாடி இல்லாமல் நிமிடத்துக்குப் புள்ளி வைத்துத் தசமமாகக் கேட்கிறது, நீ 02.30 என்று போட்டிருப்பாய். முப்பது விநாடி என்றால் அரை நிமிடம், 02.50 போட வேண்டும். 0.2 நிமிடம் குறைந்தது. ஒரு நிமிடம் 1852 மீட்டர், ஆக தெற்கே 370 மீட்டர் தள்ளிவிட்டாய். 45 விநாடி 16.75, நீ போட்டது 16.45, மேற்கே 550 மீட்டர். இரண்டையும் சேர்த்தால் 660 சொச்சம், பார் உனக்கு வடகிழக்கே. கிடைத்த பாரில் விநாடி 00, 05தான், அதனால் பிழையும் சின்னது. அமெரிக்காக்காரன் பாவம். செட்டிங்ஸில் டிகிரி, நிமிடம், விநாடி என்று மாற்றிவிட்டு எல்லாப் புள்ளியையும் மறுபடி ஏற்று. மாற்றினால் மட்டும் போதாது, பழைய பிழை அப்படியே இருக்கும்.

முட்டத்து வள்ளம்:
இன்று காலை போய் வந்தேன். எக்கோவில் பார் குத்திட்டு நின்றது, கலவா ஆறு. மாமாவிடம் சொன்னேன், நான் மருந்துவாழ்மலையையும் கோயில் கோபுரத்தையும் பார்த்துக் கணிச்ச இடம், உன் மெஷினுக்கு நோட்டு வேறு வேணுமா என்கிறார்.

வளைகுடா டக்:
எல்லாம் சரி, பார் புள்ளியை இப்படி ஊருக்கே போட்டு வைத்திருக்கிறாயே மக்கா! நாளைக்கு நாற்பது வள்ளம் அங்கே நிற்கும்.

முட்டத்து வள்ளம்:
நடு எண்களை மாற்றித்தான் போட்டேன் அண்ணே. நல்லவேளை, கணக்குக்கு அது தேவைப்படவில்லை.