விசுவாசி பாவம் செஞ்சா தேவனோட உள்ள ஐக்கியம் அறுந்து போவுமா?

இஞ்சிவிளைப் பயணி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க ஜெபக்குழு இந்தக் கேள்வியில ரெண்டா நிக்குது, அதான் இங்க கேக்குதேன்.

எனக்க சித்தப்பா சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). களியக்காவிளை பக்கம் ரப்பர் வெட்டு. தமிழ்நாட்டுல லாட்டரி 2003-லயே நின்னு போச்சு, ஆனா எங்க ஊர்ல இருந்து கொஞ்சம் நடந்தா கேரளா. வாரம் ஒரு லாட்டரி டிக்கெட், ரப்பர் ஷீட் வித்த காசுல, சித்திக்குத் தெரியாம. போன மாசம் ஒரு வீட்டுக் கூட்டத்துல வெளியூர் பாஸ்டர் ஒருத்தர் 1 யோவான் 1:6 எடுத்துப் பேசினாரு. விசுவாசி பாவம் செஞ்ச நிமிஷமே ஐக்கியம் அறுந்திரும், இரட்சிப்பு போவாது, ஆனா அறிக்கை பண்ணுத வரைக்கும் ஜெபம் கூரைக்கு மேல போவாதுன்னாரு. “சிம் இருக்கும், ரேஞ்ச் இருக்காது.” எல்லாரும் ஆமென் போட்டாங்க.

சித்தப்பா அண்ணைக்கே டிக்கெட்ட விட்டாரு. கொள்ளாம். ஆனா அதோட திருவிருந்தையும், சபையில அப்பமும் ரசமும் எடுக்குததையும், விட்டுட்டாரு! “எனக்குத் தெரியாம இன்னும் எத்தன பாவம் கெடக்கோ, அறுந்துபோனவன் எப்பிடிப் போய் கை நீட்ட?”ன்னு கேக்காரு. கடைசி பெஞ்சுல இருந்துட்டு ஐயர் (எங்க சபைப் போதகர்) அழைக்கும்போ எழும்பி வெளிய போயிருதாரு. பாஸ்டர் சொன்னது வேதத்துப்படி சரிதானா?

நெறியாளர்:

லாட்டரி பாவமா இல்லையா, அரசாங்கமே விக்குதே என்கிற பேச்செல்லாம் வேற திரியில. இங்க ஐக்கியம் மட்டும்.

ஒளியில் நடப்போம்:

பாஸ்டர் சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது? “நாம் அவரோடே ஐக்கியப்பட்டவர்களென்று சொல்லியும், இருளிலே நடக்கிறவர்களாயிருந்தால், சத்தியத்தின்படி நடவாமல் பொய்சொல்லுகிறவர்களாயிருப்போம்.” யோவான் இதற்கு மேல் எப்படித் தெளிவாக எழுத வேண்டும்? ஏசாயா 59:2-ஐயும் வாசியுங்கள்: “உங்கள் அக்கிரமங்களே உங்களுக்கும் உங்கள் தேவனுக்கும் நடுவாகப் பிரிவினை உண்டாக்குகிறது.” இது எகிப்தியருக்கு எழுதியதல்ல, தேவனுடைய சொந்த ஜனத்துக்கு. சங்கீதம் 66:18-இல் பேசுகிறவனும் விசுவாசிதான். இருதயத்தில் அக்கிரமசிந்தை கொண்டிருந்தால் ஆண்டவர் செவிகொடார் என்கிறான்.

பிள்ளை என்கிற உறவு வேறு, அப்பாவோடு முகம் பார்த்துப் பேசுகிற ஐக்கியம் வேறு. உறவு அறுவதில்லை, ஐக்கியம் அறும். உங்கள் சித்தப்பாவின் மனசாட்சி வேலை செய்கிறது. அதற்காக ஸ்தோத்திரம் பண்ணுங்கள். ஏன் அதைத் தடவிக் கொடுத்துத் தூங்க வைக்கப் பார்க்கிறீர்கள்?

கிருபை ஒன்றே:

அண்ணே, அடுத்த வசனத்த ஏன் விட்டுட்டீங்க? 1:7. “அவர் ஒளியிலிருக்கிறதுபோல நாமும் ஒளியிலே நடந்தால்” அவருடைய குமாரனுடைய இரத்தம் சகல பாவங்களையும் நீக்கிச் சுத்திகரிக்கும். யாருக்கு? ஒளியில நடக்குதவனுக்கு. அப்போ ஒளியில நடக்குதவனுக்கும் நீக்கவேண்டிய பாவம் இருக்கு, ஐக்கியத்துல இருக்கும்போதே இரத்தம் வேலை செய்யுது. பாவம் இருந்தாலே ஐக்கியம் இல்லன்னா அந்த வசனமே தேவையில்ல.

கணக்குப் பாருங்க. கோபம், பெருமை, பக்கத்து வீட்டுக்காரன் புதுக் கார் வாங்கினப்போ வந்த எரிச்சல்... ஒவ்வொண்ணுக்கும் அறுந்து, அறிக்கை பண்ணி ஒட்டி, மறுபடி அறுந்து! ஒரு மணி நேரமாவது ஐக்கியத்துல இருந்த மனுஷன் இந்தக் குமரி மாவட்டத்துல உண்டா? தாவீதே “தன் பிழைகளை உணருகிறவன் யார்?”னு கேக்கான். உணராத பாவத்த எப்பிடி அறிக்கை பண்ண?

எபிரெயர் 10:17: “இனி நான் நினைப்பதில்லை.” தேவன் நினைக்காதத வச்சு அவரு எப்பிடி முகத்தத் திருப்புவாரு? பாவத்த அறிக்கையிட்டா தேவன் மன்னிப்பாருன்னு சொல்லுத 1:9, பாவமே இல்லன்னு சொன்ன கள்ளப்போதகர்களுக்கு எழுதினது. விசுவாசிக்கு அது தினசரி கடமை இல்ல.

ஒளியில் நடப்போம்:

1:9 விசுவாசிக்கு இல்லையா! இரண்டு வசனம் தள்ளி, 2:1: “என் பிள்ளைகளே, நீங்கள் பாவஞ்செய்யாதபடிக்கு இவைகளை உங்களுக்கு எழுதுகிறேன்.” கள்ளப்போதகனையா பிள்ளைகளே என்று கூப்பிடுவார்? “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்ற ஜெபத்தைக் கர்த்தர் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்? பரமண்டலத்திலிருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்குகிறவனுக்கு. உங்கள் போதனைப்படி அந்த ஜெபத்தில் பாதியை வெட்டித்தான் சொல்ல வேண்டும்.

கள்ளிவேலி:

ரேஞ்ச் உதாரணம் சொன்ன பாஸ்டர் எங்க ஊர்ல வந்து நிக்கணும். ஒரு காலு கேரளா டவர், ஒரு காலு தமிழ்நாடு டவர். ரேஞ்ச் போனா அழைக்குதவனுக்கும் கேக்காது, எடுக்குதவனுக்கும் கேக்காது. தேவனுக்குமா கேக்காது? ஆதாம் பாவம் செஞ்சுட்டு மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சப்போ “நீ எங்கே இருக்கிறாய்”னு தேடி வந்தது யாரு?

விளவங்கோட்டான்:

நான் சிஎஸ்ஐ, சபைப் பள்ளியில பைபிள் எடுக்குதவன். ரெண்டு பேரும் பாதி வேதத்த வச்சுப் பேசுதீங்க.

தாவீத எடுங்க. அடுத்தவன் மனைவி பத்சேபாள எடுத்த விஷயத்துக்குப் பிறகு பிள்ளையும் பிறந்து, அதுக்கப்புறம்தான் நாத்தான் தீர்க்கதரிசி கண்டிக்க வாறாரு. அத்தன மாசமும் தாவீது வாயத் திறக்கல. 32-ம் சங்கீதத்துல “நான் அடக்கிவைத்தமட்டும்” எலும்பு உலர்ந்ததுன்னு அவரே சொல்லுதாரு. 51-ல “உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து”ன்னு கெஞ்சுதாரு. ஒண்ணும் போகலன்னா எதத் திரும்பக் கேக்காரு? அதனால கிருபை தம்பி சொல்லுத மாதிரி ஒண்ணுமே ஆகல்லன்னு சொல்ல முடியாது. ஆனா நாத்தான அனுப்பினது யாரு? தாவீது அறிக்கை பண்ணினதுக்குப் பிறகா தேவன் பேசினாரு? அறிக்கைக்கு முன்னாலயே பேசினாரு. அந்தப் பக்கத்துக் கதவு அடையவே இல்ல.

எபேசியர் 4:30-ம் அப்பிடித்தான். ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள்னு சொல்லுத அதே வசனம், மீட்கப்படும் நாளுக்கென்று அந்த ஆவியே முத்திரைன்னும் சொல்லுது. துக்கப்படுத்தலாம், முத்திரைய உடைக்க முடியாது. துக்கப்பட்டாலும் அவரு உள்ளதான் இருக்காரு.

இது புதுசா நான் கண்டுபிடிச்சது ஒண்ணுமில்ல. 1646-ல இங்கிலாந்துல சீர்திருத்த சபைக்காரங்க எழுதி முடிச்ச வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை 11-ம் அதிகாரத்துல நீதிமானாக்கப்பட்டவன் அந்த நிலையில இருந்து விழவே மாட்டான், ஆனா பாவத்தினால தகப்பனுடைய அதிருப்திக்கு உள்ளாவான், தாழ்த்தி அறிக்கை பண்ணுத வரைக்கும் அவருக்க முகத்தின் ஒளி திரும்பக் கிடைக்காதுன்னு இருக்கு. 1658-ல இங்கிலாந்துல சவாய் மாளிகையில கூடின சுயாதீன சபைக்காரங்களும் (ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்தணும்னு சொன்னவங்க) அதையேதான் எடுத்துக்கிட்டாங்க. நம்ம நாட்டுல நெய்யூரும் பாறசாலையும் மிஷன் களமா ஆனது லண்டன் மிஷனால, அதுல பெரும்பாலும் அந்த மரபுக்காரங்கதான். நம்ம தாத்தாமாருக்கு வந்த போதனை இதுதான்.

முளகுமூட்டுக்காரி:

கத்தோலிக்கப் பெண் ஒருத்தி உள்ள வரலாமா? நீங்க எல்லாம் சண்டை போடுறது, பாவத்துல தரம் பிரிக்காததாலதான். நாங்க சாவான பாவம், அற்பப் பாவம்னு பிரிக்கிறோம். கனமான காரியமா இருக்கணும், அது பாவம்னு முழுசாத் தெரிஞ்சிருக்கணும், முழு மனசோட செஞ்சிருக்கணும். மூணும் சேர்ந்தாத்தான் சாவான பாவம். அதுதான் அருளுறவை முறிக்கும். மற்றது உறவைக் காயப்படுத்தும், முறிக்காது. இது பதினாறாம் நூற்றாண்டுல எங்க ஆயர்கள் கூடின திரெந்துச் சங்கத்துல திடீர்னு வந்த ஏற்பாடு இல்ல. உங்க யோவானே அதே நிருபத்துல 5:16, 17-ல மரணத்துக்கு ஏதுவான பாவம், ஏதுவல்லாத பாவம்னு பிரிக்கிறாரே?

சித்தப்பா எங்க பங்குல இருந்தா, பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய், அச்சன் கையால பாவமன்னிப்பு வாங்கி, அந்த ஞாயிறே நற்கருணை (நீங்க சொல்ற திருவிருந்து) எடுத்திருப்பார். உங்ககிட்ட அறுந்துபோச்சுன்னு சொல்ல ஆள் இருக்கு, சேர்ந்துபோச்சுன்னு சொல்ல ஆள் இல்ல.

விளவங்கோட்டான்:

அக்கா, கடைசி வரி கொஞ்சம் கொத்திடுச்சு. ஆனா எங்க ஆராதனையிலயும் திருவிருந்துக்கு முன்னால சபை முழுக்க முழங்காலிட்டு பாவ அறிக்கை சொல்லும், ஐயர் மன்னிப்பு வாசிப்பாரு. அதுக்கப்புறம்தான் அழைப்பு. சித்தப்பா எழும்பிப் போறது அந்த மன்னிப்பக் கேட்ட பிறகு! கேட்டதத் தனக்கில்லன்னு நினைக்காரு, அதான் சங்கடம்.

நாகர்கோவில் லூத்தரன்:

சும்மா வாசிச்சுட்டு இருந்தேன், லண்டன் மிஷன் பேரு வந்ததால ஒரு வார்த்தை. 1806-ல மயிலாடிக்கு அந்த மிஷன் அனுப்பின ரிங்கல்தௌபே லூத்தரன் போதகர், அதையும் சேர்த்துக்குங்க. :)

1517-ல லூத்தர் எழுதின 95 கருத்துகள்ல முதலாவதே, மனந்திரும்புங்கள்னு கிறிஸ்து சொன்னது விசுவாசியின் வாழ்நாள் முழுசும் மனந்திரும்புதலா இருக்கணும் என்கிற அர்த்தத்துலதான்னு சொல்லுது. அறுந்து, ஒட்டி, அறுந்து என்கிற கணக்கே அங்க இல்ல. அறிக்கை பண்ணுறது பிள்ளையா இருக்கிறவன் வாழுற முறை, மறுபடி பிள்ளையாகிறதுக்கு உள்ள கட்டணம் இல்ல. இத கிருபை தம்பி ஏத்துக்கிட்டா, 1:9-ஐப் பிடுங்கி எறிய வேண்டிய அவசியம் இல்ல.

அக்கரைச் சேச்சி:

நெய்யாற்றின்கரை பக்கம், வீட்டுல தமிழ், ரோட்டுல மலையாளம். ஆம்பிளைங்க எல்லாரும் மேல பாத்துத்தான் பேசுதீங்க. ஒருத்தரும் சித்தியப் பத்திக் கேக்கல்ல.

திரும்ப வாசிங்க: ஷீட் வித்த காசு, சித்திக்குத் தெரியாம. அந்தப் பொம்பிள ஷீட்டுக்குப் பால் ஊத்தி, உறைய வச்சு, அடிச்சுக் காயப் போட்டு உண்டாக்கின காசு. 1 பேதுரு 3:7 வாசிங்க, புருஷன் மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யணும், ஏன்? “உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு.” ஜெபம் தடைபடும்னு புதிய ஏற்பாட்டுல நேராச் சொல்லுத இடம் இது. மத்தேயு 5:24-ல காணிக்கைய பலிபீடத்துக்கு முன்னாலயே வச்சிட்டு முதல்ல சகோதரனோட ஒப்புரவாகச் சொல்லுதாரு. 1 யோவான் 1:7-லயும் ஒளியில நடந்தா “ஒருவரோடொருவர்” ஐக்கியப்பட்டிருப்போம்னுதான் எழுதியிருக்கு.

ஐக்கியம் எங்க அறுந்ததுன்னு வானத்துல தேடாண்டாம், அடுக்களையில கேளுங்க. சித்தப்பா தேவன்கிட்ட எத்தன தடவ அறிக்கை பண்ணினாரோ தெரியாது. சித்திகிட்ட ஒரு தடவையாவது சொன்னாரா?

இஞ்சிவிளைப் பயணி:

இல்ல சேச்சி. சொல்லல்ல. டிக்கெட் விட்டதும் சித்திக்குத் தெரியாது, திருவிருந்து விட்டது மட்டும்தான் தெரியும். அது என்ன பெரிய பாவமோன்னு அவங்க வேற பயந்து கெடக்காங்க.

கிருபை ஒன்றே:

சேச்சி சொன்னத முழுசா ஒத்துக்குதேன். ஆனா அது மனுஷனோட ஐக்கியம். 1 கொரிந்தியர் 1:9-ல பவுல் அந்தச் சபைய “தம்முடைய குமாரனும் நம்முடைய கர்த்தருமாயிருக்கிற இயேசுகிறிஸ்துவுடனே ஐக்கியமாயிருப்பதற்கு” அழைக்கப்பட்டவங்கன்னு சொல்லுதாரு. எந்தச் சபைய? கட்சி கட்டி அடிச்சுக்கிட்டு, கோர்ட்டுக்குப் போய், ராப்போஜனத்துல, அதாவது திருவிருந்துலயே, குடிச்சு வெறிச்ச சபைய. அந்த ஐக்கியம் நம்ம நடத்தையில தொங்கல்ல.

ஒளியில் நடப்போம்:

அதே நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் ஒருவனைச் சபையை விட்டு வெளியே தள்ளச் சொல்கிறார். பதினொன்றாம் அதிகாரத்தில் அபாத்திரமாய்ப் புசித்ததினால் பலர் வியாதிப்பட்டார்கள், மரித்தும் போனார்கள். இதையும் நடத்தையில் தொங்காத ஐக்கியம் என்பீர்களா? சித்தப்பா பந்தியை விட்டு விலகி நிற்பது பயபக்தி.

விளவங்கோட்டான்:

பதினொன்ன எடுத்ததுக்கு நன்றி. 28-ம் வசனம்: “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்.” சோதிச்சுட்டு எழும்பி வெளிய போன்னு இல்ல, சோதிச்சுட்டு சாப்பிடுன்னு இருக்கு. ஐந்தாம் அதிகாரத்து ஆள் பாவத்த விடாம நின்னவன், சபையும் அதப் பத்தி இறுமாந்து நின்னது. விட்டுட்டு அழுதவனப் பத்தின மாதிரி 2 கொரிந்தியர் 2:7-ல இருக்கு: அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னிச்சு ஆறுதல் செய்யச் சொல்லுதாரு. சித்தப்பா எந்த அதிகாரத்துல நிக்காருன்னு நீங்களே சொல்லுங்க.

பயணி தம்பி, முதல்ல சித்திகிட்ட பேசச் சொல்லு. பிறகு ஐயரப் போய்ப் பாக்கட்டு. அடுத்த திருவிருந்துக்கு ரெண்டு பேரும் சேந்து முன்னால போகட்டு.

ஒளியில் நடப்போம்:

விட்டுவிட்டவரைப் பந்தியிலிருந்து தடுக்க நான் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டு வரட்டும். ஆனால் ஒன்றை விடமாட்டேன். “பாவத்தினால் எதுவும் அறாது” என்று உங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு தடவை பிரசங்கித்துப் பாருங்கள். மறுநாளே ஒருவன் வந்து, அப்படியானால் பாவம் செய்தால் என்ன என்று கேட்பான்.

கிருபை ஒன்றே:

கேக்கட்டு அண்ணே. ரோமர் 6:1-ல பவுல்கிட்டயும் அதத்தான் கேட்டாங்க, அவரும் பதில் சொன்னாரு. ரேஞ்ச் பிரசங்கத்தக் கேட்டுட்டு யாராவது அந்தக் கேள்வியக் கேட்டதுண்டா?

ஒளியில் நடப்போம்:

கேட்டதில்லை. அவர்கள் கேட்கும் கேள்வி “இன்றைக்கு இரவே செத்தால் நான் எங்கே போவேன்” என்பது. அதற்கு நான் பதில் சொல்லியே வருகிறேன்: பிள்ளை பிள்ளைதான், வீட்டுக்குத்தான் போவான்.

கள்ளிவேலி:

அப்போ அந்தப் பதில சித்தப்பாகிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல்ல? பயணி, அந்த வீட்டுக் கூட்டம் அடுத்து எண்ணைக்கு? நாங்களும் வாறோம்.

நெறியாளர்:

கூட்ட இடமும் நேரமும் இங்க போடாண்டாம், தனிச் செய்தியில பேசிக்குங்க. 1 யோவான் 5:16 பத்தி முளகுமூட்டு அக்கா கேட்டதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல்ல. திரி திறந்தே இருக்கு.